ரெண்டரை பாக்கெட் தர்மம்

எனக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. ஐம்பத்தோரு வயதில் உடம்பு ஒரு வேலையை முடித்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. முன்னாலேயே தாக்கல் சொல்லியிருந்தால் மளிகைச் சீட்டில் அடித்திருப்பேன். சொல்லாததால் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பின்னால் ரெண்டரை பாக்கெட் நாப்கின் தங்கிவிட்டது. ரெண்டு பிரிக்காதது, மூன்றாவதில் நாலு பீஸ். தூக்கிப் போட மனசில்லை. களத்தில் சிந்திய நெல்லைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிய வீட்டில் வளர்ந்தவள் நான்.

அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. ரோஸ் கலரில் படம். ரெண்டு கை, கைக்குள் ஒரு சிவப்புச் சொட்டு, சொட்டுக்குள் சிரித்த முகம். உங்களுக்குத் தேவைப்படாத நாப்கின்களைத் தாருங்கள், ஓர் ஏழைச் சகோதரியின் கண்ணியத்தைக் காப்பாற்றுங்கள் என்று வாசகம். மே 28-க்குள் பெட்டியில் போட வேண்டும். மே 28 மாதவிடாய் சுகாதார நாள். ஜெர்மனியில் ஒரு தொண்டு நிறுவனம் 2014-இல் தொடங்கிவைத்தது. ஐந்து நாள் வருவதால் ஐந்தாம் மாதம், இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வருவதால் இருபத்தெட்டாம் தேதி. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. பெட்டி இருந்த இடம் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் வாசல். பேர் வேண்டாம். பேர் சொன்னால் அந்த அட்டைப்பெட்டிக்கும் ஒரு வக்கீல் வைப்பார்கள்.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில். சிப்காட்டுக்கு நிலம் போன காசில் கட்டியது. கீழே நாங்கள், மேலே வாடகைக்கு ரெண்டு ரூம். அந்த ரெண்டு ரூமில் எட்டுப் பெண்கள். திருக்கோவிலூர், செஞ்சி, தியாகதுருகம் என்று ஊர்கள், ஒருத்தி ஒடிசாக்காரி. எல்லாருக்கும் பத்தொன்பதிலிருந்து இருபத்துமூணுக்குள். எல்லாரும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். ஏழைச் சகோதரி என் தலைக்கு மேலேயே எட்டுப் பேர் இருக்கும்போது கம்பெனி வாசல் வரைக்கும் எதற்கு நடக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெண்டரை பாக்கெட்டையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, முகத்தில் கொஞ்சம் புண்ணியத்தையும் பூசிக்கொண்டு, மாடியேறினேன்.

திருக்கோவிலூர்ப் பெண் பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.

"பேடு எங்ககிட்ட இருக்குது ஓனரம்மா. அத மாத்துறதுக்குத்தான் விடமாட்டேங்குறாங்க."

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். ஒடிசாக்காரிக்கு என்ன பேசினோம் என்று புரிந்திருக்காது, அவளும் சிரித்தாள். விஷயம் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

அன்றைக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்து அவர்கள் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டுமென்றால் நாலே முக்காலுக்குப் பஸ். நாலே முக்கால் பஸ்ஸுக்கு எட்டுப் பேரும் ஒரே பாத்ரூமில் குளித்துக் கிளம்ப வேண்டுமென்றால் முதல் ஆள் மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். நாலு மணிவாக்கில் பேடு வைக்கிறாள். எட்டரைக்கு டீ பிரேக், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, செருப்பை மாற்றி, மெட்டல் டிடெக்டரில் கையை விரித்து நின்று, வெளியே வந்து, கழிப்பறை வரிசையில் நின்று, திரும்ப டிடெக்டர், திரும்பச் செருப்பு, தொப்பி, கோட்டு. டீ குடிப்பதா, பேடு மாற்றுவதா என்று கேட்டால் ரெண்டுக்கும் நேரமில்லை என்பதுதான் பதில். சாப்பாட்டுக்கு அரை மணி. கேன்டீன் ஒரு மூலை, கழிப்பறை ஒரு மூலை. சோறா, பேடா? இருபது வயதில் நின்றுகொண்டே வேலை செய்கிறவள் சோற்றைத்தான் எடுப்பாள். ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிறது. பஸ் ஏறி, ஊரெல்லாம் சுற்றி, வீடு வந்து சேர மூன்றரை. நாலிலிருந்து மூன்றரை வரைக்கும் பதினொன்றரை மணி நேரம். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். டாக்டருக்கு என்ன தெரியும், அவர் லைனில் நின்றாரா?

நடுவில் போக முடியாதா என்று கேட்டேன். போகலாமாம். ரிலீவர் வந்து அவள் இடத்தில் நின்றால் போகலாம். ஐம்பது பேருக்கு ஒரு ரிலீவர். லைன் லீடரிடம் கையைத் தூக்க வேண்டும். லைன் லீடர் இருபத்துநாலு வயசுப் பையன். "இப்பதானே போனே?" என்பான். இவள் என்ன சொல்வாள்? பள்ளிக்கூடத்தில் ஒரு விரலா ரெண்டு விரலா என்று காட்டினோம். இதற்கு எந்த விரல் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே அவர்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நாட்களில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு பேடு வைத்துக்கொள்கிறார்கள். வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். மூத்திரம் எரிகிறது என்று ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்குக்குப் போனால், தண்ணி நிறையக் குடிம்மா என்று எழுதித் தருகிறார்கள். நிறையக் குடித்தால் நிறையப் போக வேண்டும் என்ற விஞ்ஞானம் டாக்டருக்கும் தெரியும், லைன் லீடருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நாப்கின் விளம்பரக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரப் பாதுகாப்பு என்று டிவியில் ஒரு பெண் வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு குதிக்கிறாள். அவளுக்கு ஓடுவது நீல மை. பன்னிரண்டு மணி நேரம் மாற்றாமல் இருக்கலாம் என்பது ஒரு வசதி என்று அவள் நினைக்கிறாள். இங்கே அது ஒரு வேலை நிபந்தனை. இந்தப் பன்னிரண்டின்மேல் எங்கள் சட்டமன்றத்துக்கும் ஒரு மோகம் வந்தது ஞாபகமிருக்கிறதா? 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் தினசரி வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக்க வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். ஊரே கத்தியது, கூட்டணிக் கட்சிகளும் கத்தின. மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று முதல்வர் அறிவித்தார். உழைப்பாளர் தினப் பரிசாக, உழைப்பாளியிடமிருந்து பத்து நாள் முன்னால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். கைதட்டினோம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

கம்பெனி வாசலில் இருந்த அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று விசாரித்தேன். பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகிறதாம். பேனர், மைக், பொன்னாடை, போட்டோ. நல்ல விஷயம்தானே, உள்ளே வேலை செய்கிற பெண்களுக்கும் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு, அது சி.எஸ்.ஆரில், அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவில், வராது மேடம் என்று அங்கிருந்தவர் பதில் சொன்னார். பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவு செய்ய வேண்டும். 2021 ஜனவரியில் திருத்திய விதிகளின்படி, கம்பெனி தன் ஊழியர்களுக்குப் பயன்படும்படி செய்வது எதுவும் இந்தக் கணக்கில் சேராது. விதியைக் குற்றம் சொல்ல முடியாது. தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமையை தர்மக் கணக்கில் எழுதி ஏமாற்றிவிடக் கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் எழுதியது. ஆனால் நம் ஆட்கள் அதை எப்படிப் படித்தார்கள் பாருங்கள். மதிலுக்கு வெளியே ஒரு நாப்கின் கொடுத்தால் அறம், ஆண்டறிக்கையில் வழவழ தாளில் வண்ணப்படம். மதிலுக்கு உள்ளே அதே நாப்கினைக் கொடுத்தால் செலவு. மாற்றிக்கொள்ளப் பத்து நிமிஷம் கொடுத்தால் நஷ்டம். செலவைக்கூடச் சகித்துக்கொள்வார்கள், நஷ்டத்தை எப்படிச் சகிப்பார்கள்?

தியாகதுருகத்துப் பெண்ணின் தங்கை ஒரு அரசுப் பள்ளியில் படிக்கிறாள். நாளைக்கு அவள் பள்ளி வாசலிலும் இப்படி ஒரு வேன் வந்து நிற்கலாம். தங்கைக்கு தர்மம், அக்காவுக்கு டார்கெட். அக்கா கையால் பூட்டிய போனில் தங்கையின் போட்டோ எடுப்பார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறதென்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். வழிப்பிள்ளையாராவது செல்ஃபி எடுக்கச் சொல்ல மாட்டார்.

அரசாங்கத்தை விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். புதுயுகம் என்று ஒரு திட்டம், 2012-இல் ஜெயலலிதா தொடங்கியது. கிராமத்தில் பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களுக்கு வருஷத்துக்குப் பதினெட்டு பாக்கெட் நாப்கின், இலவசம். பின்னால் நகரத்துக்கும் நீண்டது. பெரிய திட்டம், பாராட்டத்தான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்த தாய்க்கு ஏழு பாக்கெட். சிறையில் இருக்கும் பெண்ணுக்கும் பதினெட்டு பாக்கெட். இப்போது வயதைக் கவனியுங்கள். கம்பெனி பதினெட்டு வயதில் வேலைக்கு எடுக்கிறது. அரசு பத்தொன்பதில் கையை விடுகிறது. கையைப் பிடித்துக் கொடுக்கிற சடங்கு மாதிரி, ஒரு வருஷம் முன்னே பின்னே, அப்படியே ஒப்படைத்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் அரசாங்க நாப்கின் வேண்டுமென்றால் அவளுக்கு ரெண்டு வழிதான்: பிள்ளை பெற வேண்டும், அல்லது ஜெயிலுக்குப் போக வேண்டும்.

பிள்ளை பெறுவதும் லேசான வழியில்லை. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வு வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோர்க்கும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு என்று காரணங்கள். தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல் என்றும் ஒரு காரணம். பாகுபாடெல்லாம் பார்ப்பதில்லை என்று கம்பெனி மறுத்தது. ஒன்றிய அரசு அறிக்கை கேட்டது. இங்கே யார் சொல்வது மெய் என்ற பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை. எனக்கு இருப்பது உடற்கூற்றுச் சந்தேகம். கர்ப்பம் ஆகாத பெண் வேண்டுமென்றால் அவளுக்கு மாதாமாதம் வரும். மாதாமாதம் வராத பெண் வேண்டுமென்றால் அவள் கர்ப்பமாக இருப்பாள். ரெண்டுமில்லாத பெண்தான் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். ஐம்பத்தொன்றிலேயே நின்றுவிட்டது. கர்ப்பமாக வாய்ப்பில்லை. மெட்டியைக் கழற்றிவைக்கவும் தயார், வீட்டுக்காரர் கண்டுகொள்ள மாட்டார். ஒரு லீவும் கேட்காமல் லைனில் நிற்பேன். ஆனால் என்னை எடுக்க மாட்டார்கள், எனக்கு வயதாகிவிட்டதாம்.

அதே ஆலையின் பெண்கள்தான் 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாடு விஷமாகி இருநூற்று ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில். சில பேர் செத்துப்போனார்கள் என்று வதந்தி. உண்மை என்னவென்று சொல்ல ஒருத்தரும் முன்வராததால், டிசம்பர் 17 ராத்திரி சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். பதினேழாயிரம் பேர் வேலை செய்கிற ஆலை மூடிக் கிடந்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. ஹாஸ்டலும் சாப்பாட்டுக் கூடமும் எங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கண்டுபிடித்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ராய்ட்டர்ஸிடம் பெண்கள் சொன்னது என்ன தெரியுமா? ஒரு அறைக்கு ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை, தரையில் படுக்கை. சில கழிப்பறைகளில் தண்ணீர் வராது.

முப்பது பேர், தண்ணீர் வராத கழிப்பறை. முப்பது பேர் என்றால், மாதத்தில் எந்த நாளை எடுத்தாலும் சராசரியாக ஐந்தாறு பேருக்கு அந்த நாள். அங்கே யாராவது ஒரு பெட்டி நாப்கினைத் தூக்கிக்கொண்டு போய், இந்தா, கண்ணியம் என்று கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவளுக்கும் நாம் இதைத்தான் செய்கிறோம். பேடு கொடுப்போம். அதை ஒட்ட ஒரு காய்ந்த ஜட்டி வேண்டும், மாற்றக் கதவுள்ள ஓர் இடம் வேண்டும், கழுவ ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வேண்டும் என்பது நிவாரணப் பட்டியலில் இருக்காது. போட்டோவில் ஜட்டி நன்றாக விழாது.

ஒன்றுமே மாறவில்லை என்றும் சொல்ல மாட்டேன். சாலையில் உட்கார்ந்தால் மாறுகிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாய். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். வரிசையாக வானத்துக்கு எழும்பி நிற்கிறது. 18,720 கட்டில் என்று எல்லாப் பேப்பரிலும் போட்டிருந்தார்கள். கழிப்பறை எத்தனை என்று நான் பார்த்த எந்த பேனரிலும் இல்லை. தூங்குகிற பெண்ணை எண்ணத் தெரிந்த ஊருக்கு, எழுந்துபோகிற பெண்ணை எண்ணக் கூச்சம்.

கூச்சம் நமக்குப் புதிதில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தை ஒருநாள் என் மகன் கணினியில் திறந்து காட்டினான். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் எழுதியது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும் வரை எழுபத்தேழு வருஷம் நம்மை ஆண்டது. 19-ஆவது பிரிவு கழிப்பறை. 20-ஆவது பிரிவு எச்சில் பணிக்கம். ஆமாம், துப்புவதற்குத் தனிப் பிரிவு. போதுமான எண்ணிக்கையில், வசதியான இடங்களில், சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அதில் துப்பாமல் வேறிடத்தில் துப்பினால் ஐந்து ரூபாய் வரை அபராதம். மாதவிடாய் என்ற சொல் அந்தச் சட்டத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. வெற்றிலை போடுகிறவனுக்கு வாய் உண்டு என்று டெல்லிக்குத் தெரிந்திருந்தது.

ஜவுளிப் பக்கம் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் நூறு பெண்களைக் கண்டு பேசியது. மாதவிடாய் வலிக்கு வேலை இடத்திலேயே மாத்திரை கொடுத்ததாக அத்தனை பேரும் சொன்னார்கள். பேர் இல்லாத மாத்திரை. அட்டை இல்லை, தேதி இல்லை, என்ன மருந்து என்று யாரும் சொல்லவில்லை. ஓய்வு கொடுத்தால் ஒரு மணி நேரம் தையல் நிற்கும். மாத்திரை கொடுத்தால் நிற்காது. இந்தியாவின் தொழிற்சாலைப் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோம். தட்டலாம். தட்டுகிற கை கொஞ்சம் கீழே, அடிவயிறு வரைக்கும் இறங்கினால் நல்லது.

என்னைப் பொங்கவைத்தது இது எதுவுமில்லை. மகன் அன்றைக்குத் தேடியெடுத்துச் சொன்ன இன்னொரு சங்கதி. இந்தப் பக்கத்தில் கொடி பறக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் எந்த நாட்டிலிருந்து வந்தவை? இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலிருந்து தொடங்கினால் கொரியா. ஒரகடத்திலும் வல்லத்திலும் ஜப்பான். சுங்குவார்சத்திரத்தில் தைவான். ஜப்பானில் 1947-லேயே மாதவிடாய் விடுப்பைத் தொழிலாளர் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். கொரியாவில் பெண் கேட்டால் மாதம் ஒருநாள் விடுப்புக் கொடுத்தாக வேண்டும். தைவானில் 2002-இல் இயற்றிய சட்டப்படி மாதம் ஒருநாள், அரைச் சம்பளத்தோடு. அங்கேயும் கேட்கக் கூச்சப்பட்டு எடுக்காமல் விடுகிறவர்கள் ஏராளம்தான். ஆனால் சட்டத்தில் இருக்கிறது. மெஷின் கப்பலில் வந்தது. இன்ஜினியர் விமானத்தில் வந்தார். அவர் சாப்பிட கொரிய ஓட்டலும் ஜப்பான் ஓட்டலும் நெடுஞ்சாலை ஓரத்துக்கே வந்துவிட்டன. கொரிய மொழியில் போர்டு எழுதத் தமிழ்ப் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த ஒரே ஒரு சட்டம் மட்டும் துறைமுகத்தில் இறங்கவில்லை. வரிச்சலுகை கொடுத்தோம், நிலம் கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம், என் மாமனாரின் ஒன்றரை ஏக்கரும் அதில் அடக்கம். பதிலுக்கு, உங்கள் ஊர்ப் பெண்ணுக்குக் கொடுப்பதை எங்கள் ஊர்ப் பெண்ணுக்கும் கொடுங்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட ஒருத்தருக்கும் பேனா எழவில்லையா?

வெளிநாடு வேண்டாம். இதே நெடுஞ்சாலையில் ஒசூர் தாண்டி அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கம் கர்நாடகம். 2025 அக்டோபரில் அந்த அமைச்சரவை, தனியார் கம்பெனி, தொழிற்சாலை உட்பட எல்லா இடத்திலும் வேலை செய்யும் பெண்களுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்பு என்று முடிவெடுத்தது. லீவு கொடுத்தால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்று நம் பெரிய மனிதர்கள் பயமுறுத்துவார்கள். 2024-இல் உச்ச நீதிமன்றமே அந்தக் கவலையைச் சொன்னது. கவலை பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சோறு கேட்டால் வேலை போகும், தண்ணீர் கேட்டால் வேலை போகும், கழிப்பறை கேட்டால் வேலை போகும் என்று பயந்து பயந்து எதைத்தான் கேட்பது? ரோஸ் கலர் பெட்டியையா? அதை நாங்கள் கேட்கவேயில்லையே, அது மட்டும் எப்படித் தானாக வந்தது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் நான் கண்ணால் கண்டது: பிரித்த பாக்கெட்டில் மீந்த ஒன்று ரெண்டு, மேலுறை கிழிந்து பஞ்சு தெரிகிற சிலது, மழையில் நனைந்து காய்ந்த மாதிரி உப்பிய ஒரு கட்டு, தயாரித்த தேதி அழிந்த ஒரு பாக்கெட், எதற்கென்று தெரியவில்லை, குழந்தைக்குப் போடும் டயபர் ரெண்டு. நாப்கினுக்கும் தேதி உண்டு என்று போடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏழைச் சகோதரிக்குத் தேதி எதற்கு? மீந்ததைக் கொடுப்பதில் தப்பில்லை. பாக்கெட் பிரிக்காமல், ஒவ்வொன்றும் தனி உறையில் முழுசாக, தேதி தாண்டாமல் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. பாலாற்றுக்கு அந்தப்பக்கமும் திருவள்ளூர்ப் பக்கமும் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து மண் மிதிக்கிற பெண்களுக்கு நிஜமாகவே வாங்கக் காசில்லை, கடையும் பக்கத்தில் இல்லை. அங்கே போய்க் கொடுங்கள். அந்தச் சூளைகளுக்குப் பேனர் கட்டிய ஒரு வேனும் போய் நான் பார்த்ததில்லை. சூளையில் ஏ.சி. அரங்கம் கிடையாது.

கோயம்புத்தூர் முருகானந்தம் மலிவாக நாப்கின் செய்ய மெஷின் கண்டுபிடித்தார். 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், இந்தியில் படமும் எடுத்தார்கள். 2018 ஜூலையில் நாப்கின்மேல் இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யையும் நீக்கினார்கள், அதுவும் குங்குமத்துக்கும் வளையலுக்கும் ஒரு வருஷம் முன்னாலேயே வரி விலக்குக் கொடுத்துவிட்ட பிறகு. பொருள் ஓரளவு வந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டிருக்கிற மனுஷிதான் இன்னும் வந்து சேரவில்லை.

மொட்டைமாடியில் அன்றைக்கு இதையெல்லாம் நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டே போக, செஞ்சிப் பெண் மெதுவாக இடைமறித்தாள்.

"கோச்சுக்காதீங்க ஓனரம்மா. கம்பெனியில பாத்ரூம் நல்லாத்தான் இருக்கும், டைல்ஸ் போட்டு. போகத்தான் விடமாட்டாங்க. இங்க போலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா தண்ணி வராது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எட்டுப் பேருக்கு ஒரு பாத்ரூம் கட்டியது நான். தலைக்கு ரெண்டாயிரம் வாங்குவது நான். காலையில் ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை மோட்டார் போடுவது நான்; கரண்ட் பில் ஏறிவிடும் என்று நடுவில் போடுவதில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வருகிறவர்களுக்குத் தொட்டி காலி. பதினொரு மணி நேரம் அடக்கிவைத்துக்கொண்டு வருகிறவள் என் வீட்டில் காலி பக்கெட்டின்முன் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழே டிவியில் தொழிலாளர் உரிமை விவாதம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். பட்டியல் அவர்களிடம் தயாராக இருந்தது. கேட்கத்தான் ஒருத்தரும் வரவில்லை. பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது. மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை. போட்டதை எங்கே போடுவது என்பதுதான் பெரிய அவஸ்தை. மருந்துக்கடைக்காரர் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கறுப்பு கவரில் தருகிறார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. தக்காளிக்குப் பை கிடைக்காது, நாப்கினுக்கு மட்டும் கறுப்பு கவர் எங்கிருந்தோ முளைக்கும். பயன்படுத்தியதைச் சுற்றிப் போட நாப்கின் கம்பெனியே பாக்கெட்டோடு உறை தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதியிலேயே எழுதியிருந்தார்கள். என் ரெண்டரை பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். அப்படி ஓர் உறை இல்லை. ஆகவே அந்தக் கறுப்பு கவரிலேயே கட்டி, யாரும் பார்க்காத நேரம் ஏரிக்கரையில் வீசிவிட்டு வருகிறார்கள். பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர் அம்மா அதை வெறுங்கையால் பொறுக்கிக் கொளுத்துகிறார். அந்த அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அவருக்கும் நின்றிருக்கும்.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் போய் மிதித்தால் திறக்கிற குப்பைக்கூடை ஒன்று வாங்கினேன். தாழ்ப்பாளுக்கு ஆசாரியை வரச்சொன்னேன்; நாளைக்கு வருகிறேன் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரெண்டாவது பாத்ரூமுக்குக் கொத்தனாரைக் கேட்டால் ஒன்றேகால் லட்சம் என்கிறார். வாடகையை ஏற்றாமல் எப்படிக் கட்டுவது என்று வீட்டுக்காரர் கேட்கிறார், அது கம்பெனி எம்.டி. கேட்கிற கேள்விதான் என்று அவருக்குத் தெரியாது.

ரெண்டரை பாக்கெட் இன்னும் பீரோவில் இருக்கிறது. மோட்டார் சுவிட்ச் என் படுக்கையறையில் இருக்கிறது.